நாலு மணி அலாரமும் பதினாறு வயது மனசும்

2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு ஓர் ஆணை போட்டது. மழலையர் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை, காலை 9 மணிக்கு முன்னால் பாடம் தொடங்கக் கூடாது. பிள்ளைகளுக்குத் தூக்கம் போதவில்லை என்பது காரணம். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆள் மாறிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகூட ஆறு மணிக்கெல்லாம் எழுந்து, தூங்குகிற அப்பாவின் வயிற்றில் ஏறி உட்கார்ந்திருக்கும். எழ முடியாமல் கிடப்பவள் அதன் அக்கா, பத்தாம் வகுப்புக்காரி. ஏழு மணி வேனைப் பிடிக்க வேண்டியவள் அவள். அவளுக்காக யாரும் ஆணை போடவில்லை.

அவளுக்குக் கிடைப்பதெல்லாம் 'தூங்குமூஞ்சி', 'கும்பகர்ணி' போன்ற பட்டங்கள். பல் விளக்கும்போதே சண்டை தொடங்கிவிடும். இட்லி வேண்டாம் என்பாள், எதைக் கேட்டாலும் எரிந்து விழுவாள், கதவு படாரென்று சாத்தப்படும். வீட்டில் இவற்றை இரண்டு தனிக் குற்றங்களாகக் கணக்கு வைக்கிறோம்: ஒன்று சோம்பேறித்தனம், மற்றது வாய்த்துடுக்கு. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே என்பதற்குத் தூக்க ஆராய்ச்சியில் போதிய சான்று உண்டு.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறை தோறும் ஒரு தூக்க முகாம் நடந்தது. மேரி கார்ஸ்கடன் அதில் முக்கியமானவர். அதே பிள்ளைகளை ஆண்டுக்கு ஆண்டு வரவழைத்து, பத்து மணி நேரம் படுக்க வைத்து, தூக்கத்தை அளந்தார்கள். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்பதுதான் எல்லோரும் எதிர்பார்த்தது. குறையவில்லை. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் அவர்கள் தூங்கியது ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். அதைவிட வியப்பு, அவ்வளவு தூங்கிய பிறகும் பெரிய பிள்ளைகளுக்குத்தான் பகலில் கண் சொக்கியது. இன்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் அமைப்பு 13 முதல் 18 வயதுக்குப் பரிந்துரைக்கும் அளவு 8 முதல் 10 மணி நேரம். நம் வீட்டுப் பிளஸ் டூ பிள்ளைகளில் எத்தனை பேர் எட்டைத் தொடுகிறார்கள் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

தேவை குறையவில்லை, நேரம் மட்டும் தள்ளிப்போகிறது. இதை விளங்கிக்கொள்ள உடம்புக்குள் ஓடும் இரண்டு கணக்குகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது பசி மாதிரி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும், சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். இரண்டாவது கடிகாரம் மாதிரி. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள ஒரு சின்ன நரம்புக் கூட்டம் பகல் வெளிச்சத்தைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், இருட்டியதும், தூங்கும் நேரம் வந்துவிட்டதை உடம்புக்கு அறிவிக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும். பூப்பெய்தும் பருவத்தில் இரண்டும் மாறுகின்றன. கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. தூக்கப் பசியும் மெல்லத்தான் ஏறுகிறது. எட்டு வயதில் ஒன்பது மணிக்குத் தட்டில் கைவைத்தபடியே தூங்கிய பிள்ளை, பதினைந்து வயதில் பதினொன்றுக்கும் கொட்டக் கொட்ட விழித்திருப்பது இதனால்தான். நடிப்பு கிடையாது.

'எல்லாம் இந்த போனால வந்தது' என்பவர்களுக்கு ஒரு தகவல். பருவம் எய்தும் வயதில் தூக்க நேரம் பின்னுக்குத் தள்ளிப்போவதை ரீசஸ் குரங்குகளிலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு கிடையாது. இந்தத் தள்ளல் உச்சத்துக்குப் போய்த் திரும்பும் வயதை மியூனிக் நகரத்து ஆய்வாளர் டில் ரோனெபெர்க் 2004-இல் கணக்கிட்டார்: பெண்களுக்கு 19 தாண்டி, ஆண்களுக்கு 21-ஐ ஒட்டி. அதன் பிறகு கடிகாரம் மெல்ல முன்னுக்கு வரத் தொடங்குகிறது. வளரிளம் பருவம் முடிந்ததற்கு இதையே ஓர் அடையாளமாகக் கொள்ளலாம் என்று அவர் சொன்னார். அதாவது நாம் பிள்ளையை நான்கு மணிக்கு எழுப்ப மிகவும் துடிக்கிற அந்த நான்கைந்து வருடங்கள்தான் அவன் உடம்பு அதற்குச் சற்றும் ஒத்துவராத வருடங்கள்.

சரி, தூக்கம் குறைந்தால் களைப்பு வரும், கொட்டாவி வரும். மனசுக்கு என்ன ஆகிறது?

2007-இல் தூக்க ஆராய்ச்சியாளர் மேத்யூ வாக்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் இளைஞர்களை ஏறத்தாழ 35 மணி நேரம் தூங்க விடாமல் வைத்து, மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். பயம், கோபம் போன்றவற்றுக்கு முதலில் துள்ளும் அமிக்டலா என்ற பகுதி, நன்றாகத் தூங்கி வந்தவர்களைவிட இவர்களுக்கு 60 சதவீதம் கூடுதலாகக் கொதித்தது. அதைவிட முக்கியமானது, 'பொறு, இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை' என்று அதை அடக்கும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பு தளர்ந்திருந்தது. பிரேக் தேய்ந்த வண்டி. பெரியவர்களுக்கே இப்படி என்றால், அந்த முன்மூளை இன்னும் வளர்ந்து முடியாத பதினாறு வயதுக்குக் கேட்க வேண்டியதில்லை. கெமிஸ்ட்ரி டெஸ்டில் மூன்று மார்க் குறைந்ததற்கு உலகமே இடிந்ததுபோல அழுகிறாள் என்றால், அந்த நேரத்தில் அவளுக்கு உலகம் உண்மையாகவே அப்படித்தான் தெரிகிறது.

ஆனால் ஒரு இரவு முழுக்க விழிப்பது அபூர்வம். நம் வீடுகளில் நடப்பது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது. அதை ஆராய்ந்தது சிங்கப்பூர். மைக்கேல் சீ தலைமையிலான குழு 15 முதல் 19 வயது வரையிலான 56 மாணவர்களைச் சேர்த்து, பாதிப் பேரை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமும் மற்றவர்களை 9 மணி நேரமும் படுக்க வைத்தது. 2016-இல் முடிவு வெளியானது. ஐந்து மணிக்காரர்களின் கவனம், நினைவு இரண்டும் நாளுக்கு நாள் இறங்கின. இரண்டு இரவு வயிறாரத் தூங்கிய பிறகும் கவனம் பழைய நிலைக்கு வரவில்லை. வார நாளில் விட்டதை ஞாயிறு தூங்கிச் சரிக்கட்டலாம் என்ற கணக்கு அங்கே உடைந்தது. மனநிலையில் தெரிந்த மாற்றம்தான் என்னை யோசிக்க வைத்தது. அவர்களிடம் உற்சாகம் வற்றியிருந்தது.

இது வீட்டில் யார் கண்ணிலும் படாது. அழுதால் கேட்போம், கத்தினால் திட்டுவோம். சிரிப்பு குறைந்தால் 'பொறுப்பு வந்துடுச்சு' என்று மெச்சுவோம். கேரம் போர்டை எடுக்காத, கிரிக்கெட்டுக்குப் போகாத, பிடித்த சினிமாவைப் பாதியில் விட்டு எழுந்துபோகிற பிள்ளை படிப்பில் மூழ்கியிருக்கிறான் என்று எண்ணிக்கொள்கிறோம். எதிலும் ருசி இல்லாமல் போவது மனச்சோர்வின் இரண்டு முதன்மை அறிகுறிகளில் ஒன்று. இன்னொன்று துக்கம். ஆனால் சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் துக்கத்தின் இடத்தில் எரிச்சல் வரலாம் என்று மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறி கையேடே சொல்கிறது. அழவேண்டியவன் முறைக்கிறான். நாம் திருப்பி முறைக்கிறோம்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். தூக்கம் கெட்டதால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்ததால் தூக்கம் கெட்டதா? இரண்டும் உண்மை. கவலை உள்ளவனுக்குத் தூக்கம் வராது என்பது பாட்டிக்கும் தெரியும். எதிர்த்திசையில் இருக்கும் கண்ணியைப் பிரித்துக் காட்டுவதுதான் கடினம். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் அதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். பிள்ளை எப்போது தூங்கினான் என்பதை விட்டுவிட்டு, அவனைப் பெற்றவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கச் சொன்னார்கள் என்று பார்த்தார்கள். பிள்ளையின் மனநிலை அந்த விதியை அவ்வளவாகப் பாதிக்காது அல்லவா? 15,659 மாணவர்கள். பத்து மணிக்குள் விளக்கணைக்கச் சொன்ன வீடுகளோடு ஒப்பிட்டால், நள்ளிரவோ அதற்குப் பிறகோ படுக்கலாம் என்று விட்ட வீடுகளில் மனச்சோர்வு 24 சதவீதம் கூடுதல், தற்கொலை எண்ணம் 20 சதவீதம் கூடுதல். அந்தத் தகவல் திரட்டப்பட்டது 1990களின் நடுவில். கையில் போனே இல்லாத காலம்.

இன்னும் நேரடியான சான்று பிரிட்டனிலிருந்து வந்தது. 26 பல்கலைக்கழகங்களில் தூக்கமின்மையால் அவதிப்பட்ட 3,755 மாணவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் இணையவழித் தூக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை கிடையாது, படுக்கைப் பழக்கத்தையும் தூக்கம் பற்றிய பயத்தையும் மாற்றும் பயிற்சி. 2017-இல் வெளியான முடிவில், பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் தேறியது, கூடவே வீண் சந்தேகம், பதற்றம், சோர்வு எல்லாம் இறங்கின. மனத்தைத் தொடாமல் தூக்கத்தை மட்டும் தொட்டதற்கே இது கிடைத்தது.

இனி நம் ஊர்ப் பெருமையான நாலு மணிக்கு வருவோம்.

நான் படித்த விடுதியில் நாலரைக்கு மணி அடிக்கும். எழாதவன் முகத்தில் சொம்புத் தண்ணீர் விழும். ஐந்து மணிக்கு ஸ்டடி. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று வராந்தாவில் நின்றபடியே படிக்கச் சொல்வார்கள். வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு படித்தவர்களும் உண்டு. நின்றுகொண்டே தூங்குவது எப்படி என்பதை மட்டும் அங்கே முழுமையாகக் கற்றேன். இரவு பதினொன்று வரையும் அதே வராந்தாதான்.

பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மனதில் பதியும் என்பார்கள். சொன்னவர் எங்கள் தாத்தா என்றால், அவர் சொன்னதில் பிழை இல்லை. அவர் இரவு எட்டு மணிக்குக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தவர். நாலு மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் கணக்காக முடிந்திருக்கும். நாம் அவருடைய எழும் நேரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை எங்கோ தொலைத்துவிட்டோம். போதாததற்கு, எழுபது வயதுக் கடிகாரத்தைப் பதினேழு வயதுக்காரன் கையில் கட்டுகிறோம்.

அந்த விடிகாலை நேரத்தில் நாம் வெட்டுவது எந்தத் தூக்கத்தை என்பதும் கவனிக்க வேண்டியது. இரவுத் தூக்கம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒரு சுற்று என்று ஓடும். முதல் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கடைசிச் சுற்றுகளில், அதாவது விடியும் நேரத்தில், கண்கள் மூடிய இமைக்குள் அலைபாய்ந்து கனவு வரும் ரெம் தூக்கம் அதிகம். எட்டு மணி நேரத்தில் கடைசி இரண்டை வெட்டினால் மொத்தத் தூக்கத்தில் போவது கால் பங்கு, ரெம் தூக்கத்தில் போவதோ அதைவிடக் கூடுதல். நாளின் உணர்ச்சிச் சுமைகளை மூளை தணித்து அடுக்கி வைப்பதில் ரெம் தூக்கத்துக்குப் பங்குண்டு என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. இதில் விவாதம் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ரெம் தூக்கம் சீக்கிரமே தொடங்குவதும், அதற்கான பல மாத்திரைகள் அதைக் குறைப்பதும் இந்தக் கருத்தோடு எளிதில் பொருந்துவதில்லை. ஆனால் குறைந்த தூக்கம் மனத்தைக் கெடுக்கிறது என்பதில் அந்த விவாதத்தால் மாற்றம் எதுவும் இல்லை.

நாம் மட்டும் இப்படி இல்லை. தென்கொரியாவிலும் ஜப்பானிலும் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் சொல்லும் பழைய வாசகம் ஒன்று உண்டு: நாலு மணி நேரம் தூங்குபவன் பாஸ், ஐந்து மணி நேரம் தூங்குபவன் ஃபெயில். அந்த ஓட்டம் எவ்வளவு முற்றியது என்றால், டியூஷன் நிலையங்கள் இரவு 10 மணிக்குமேல் நடக்கக் கூடாது என்று சோல் நகரம் விதி போட வேண்டிவந்தது.

பள்ளி நேரத்தையே தள்ளிவைத்த ஊர்களும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றியது. 'அப்படியானால் இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் படுப்பார்கள்' என்று எல்லோரும் சொன்னார்கள். தூக்கத்தை அளக்க மாணவர்கள் கையில் கட்டிய கருவி வேறு கதை சொன்னது: படுக்கும் நேரம் அப்படியே இருந்தது, தூக்கம் நாளுக்கு 34 நிமிடம் கூடியது. கலிஃபோர்னியா 2019-இல் சட்டமே இயற்றி, 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்றது. சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016-இல் ஏழரை மணியை எட்டேகாலுக்கு மாற்றியது. ஒரு மாதத்தில் மாணவிகள் படுக்கையில் இருந்த நேரம் 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதம் கழித்து அளந்தபோது, உண்மையாகத் தூங்கிய நேரம் முன்பைவிடப் பத்து நிமிடம் கூடியிருந்தது. பத்து நிமிடம்தானா என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் பகல் தூக்கக் கலக்கமும் மனநிலையும் அப்போதும் முன்பைவிட மேலாகவே இருந்தன.

தமிழ்நாட்டுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. நம் அரசுப் பள்ளிகளில் பல ஏற்கெனவே ஒன்பதை ஒட்டித்தான் தொடங்குகின்றன. பிள்ளையின் தூக்கத்தைத் தின்பது பள்ளி மணிக்கு முன்னால் இருக்கும் ஸ்பெஷல் கிளாஸ், அதற்கும் முன்னால் இருக்கும் டியூஷன், ஊரைச் சுற்றி வரும் வேன், சாயங்காலம் நீட் கோச்சிங். மணியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் அந்தக் காலியிடத்தில் இன்னொரு டியூஷன் வந்து உட்காரும் என்பதே என் பயம். ஏழரைக்குப் பள்ளி தொடங்கும் இலங்கையில் கதை வேறு, அங்கே மணியைத் தள்ளிவைப்பது பற்றிப் பேசிப் பார்க்கலாம்.

போனைப் பற்றிப் பேசாமல் விட்டால் பெற்றோர் என்னை விடமாட்டார்கள். திரையின் நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது உண்மை, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் ஐபேடில் படித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் படித்தபோது ஆனதைவிடத் தூக்கம் வர ஏறத்தாழ பத்து நிமிடம்தான் கூடுதலாகப் பிடித்தது. வெளிச்சத்தைவிட உள்ளே இருப்பதுதான் ஆளை விழிக்க வைக்கிறது. நாளைய டெஸ்ட் பற்றி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பன்னிரண்டு மணிக்கு வரும் பீதி, பதில் வராத ஒரு மெசேஜ், முடிவே இல்லாத ரீல்ஸ். இன்னொன்றும் உண்டு. காலை ஐந்து முதல் இரவு பத்து வரை அவன் நேரம் முழுக்க யாரோ போட்ட டைம்டேபிள். பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான் அவனுக்கென்று இருக்கும் நேரம். அதைப் பிடுங்குவதற்கு முன் பகலில் ஒரு மணி நேரத்தையாவது திருப்பிக் கொடுத்தால் பேரம் படியும்.

'படுக்கையறைக்கு வெளியே போனை வையுங்கள்' என்ற அறிவுரை ஆளுக்கொரு அறை உள்ள வீடுகளுக்கு எழுதியது. ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் அம்மாவின் சீரியல், அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும் நேரம், பத்து மணிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் பிள்ளையின் தூக்கத்தை நிர்ணயிக்கின்றன. அங்கே மாற வேண்டியது வீட்டின் நேரம். எல்லோருடைய போனும் ஒரே அலமாரியில் சார்ஜ் ஏறட்டும். காலை வெயில் கண்ணில் படுவது கடிகாரத்தை முன்னுக்கு இழுக்க மிக எளிய வழி, மொட்டை மாடியில் கால் மணி நேரம் போதும். காபியில் உள்ள கஃபீன் அடினோசினின் இடத்தை அடைத்துக்கொள்ளும். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் பாதி உடம்பில் இருக்கும் என்பதால், ராத்திரி படிக்கப் போட்டுக் கொடுக்கும் ஃபில்டர் காபி அன்பாக இருந்தாலும் உதவியாகாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டு மணி நேரம் கூடத் தூங்கட்டும். மதியம் வரை போனால் உடம்புக் கடிகாரம் இன்னும் பின்வாங்கும், திங்கள் காலை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவன் மாதிரி இருப்பான்.

எல்லா எரிச்சலையும் தூக்கத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. முழு ஆண்டுத் தேர்வு விடுமுறை இதைச் சோதிக்க நல்ல வாய்ப்பு. முதல் நாலைந்து நாள் பழைய கடனை அடைக்கத் தூங்குவான், விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அலாரம் இல்லாமல் எத்தனை மணிக்குப் படுக்கிறான், எத்தனைக்கு எழுகிறான் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அன்றைக்குச் சிரித்தானா, சாப்பிட்டானா, நண்பர்களைத் தேடினானா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியும் முகம் தெளியவில்லை என்றால், பின்னிரவில் விழித்துக்கொண்டு திரும்பத் தூங்க முடியவில்லை என்றால், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் சோர்ந்தே கிடந்தால், டாக்டரைப் பார்க்கும் நேரம் அது. மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டுச் சற்றும் களைப்பே இல்லாமல், பேச்சும் திட்டமும் பொங்கி வழிய நாள் கணக்கில் சுற்றினாலும் போக வேண்டும். தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. இரண்டாவது, மனநிலை உச்சிக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ மனநோயின் (பைபோலார்) தொடக்கமாக இருக்கலாம்.

'இருந்து என்ன பிரயோஜனம்' என்பதுபோல ஒரு வார்த்தை பிள்ளை வாயிலிருந்து வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. சாகணும்போல இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மனநல உதவிக்கு இந்தியாவில் டெலி மானஸ் சேவையின் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் பேசலாம். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்பது அவர் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.